விழித்திருப்பதும் ஓர் உழைப்பே

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நமது சங்க நூலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி கையில் ஒரு தாளோடு வாசலில் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளமையில் மும்பைக்கு வந்தவர் அவர். ஆலையில் உழைத்தார், ஆலை மூடியபின் இட்லிக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். எதற்கும் கலங்காத மனிதர். அன்று அவர் கை நடுங்கிற்று.

"தம்பி, உமக்கு ஆபீஸ் எழுத்துத் தெரியும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்" என்றார்.

படித்தேன். அவருடைய மூத்த மகனுக்கு அவன் வேலை பார்க்கும் நிறுவனம் அனுப்பிய கடிதம் அது. இரவுப் பணியில் அவன் கவனக்குறைவாக இருந்துவிட்டானாம். அதனால் நிறுவனத்துக்கு நஷ்டமாம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் நஷ்டத்தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும், வேலையும் போகலாம். இவ்வளவும் நயமான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. காரணத்தை மறைப்பானேன்? ஒன்றரை ஆண்டுக்கு முன் அந்த வேலையைப் பற்றி அண்ணாச்சி என்னிடம் யோசனை கேட்டபோது, "குளிரூட்டிய அறை, உட்கார நாற்காலி, வெயிலில்லை, மழையில்லை, மூட்டை தூக்குவதில்லை. தயங்காமல் சேர்த்துவிடுங்கள்" என்று சொன்னவன் நானே. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையெல்லாம் சுகமான வேலை என்று எண்ணும் பேதைமை நம்மில் பலருக்கு உண்டு. மெட்ரிக் படித்துவிட்டுக் குமாஸ்தாவாகப் பன்னிரண்டு ஆண்டு நாற்காலியைத் தேய்த்த எனக்கே அது இருந்தது. ஆகவே இம்மாதப் பகுதியை அந்த வேலையைப் பற்றி எழுதுவதற்கு ஒதுக்கியிருக்கிறேன். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய வேலையில் இருக்கிறார்கள். இன்னும் பலர் சேரப்போகிறார்கள்.

அந்த வேலை யாது? வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்களை நாம் அறிவோம். 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக இந்த மும்பையில்தான் அது நம் நாட்டில் தோன்றியது. இன்று நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. முன்பெல்லாம் அநேகமாக ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு காவலாளி முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது பல இடங்களில் அந்த முக்காலி காலி. காவலாளிக்குப் பதிலாகக் கூரையில் ஒரு காமிரா, சுவரில் ஓர் ஒலிபெருக்கி, இயந்திரத்துக்குள்ளும் கதவிலும் சில உணரிகள். கதவு தகாத முறையில் திறந்தால், பெட்டகம் அதிர்ந்தால், வெப்பம் மிகுந்தால், புகை எழுந்தால், மின்கலத்தை யாரேனும் கழற்றினால், அந்த உணரிகள் பலநூறு கல் தொலைவிலுள்ள ஓர் அறைக்குச் சேதி அனுப்பும். அந்த அறைகளில் ஒன்று நவி மும்பையில், ஐரோலிக்கு அருகே இருக்கிறது. அண்ணாச்சி மகன் அங்கேதான் இரவில் அமர்ந்திருக்கிறான்.

திரையில் சிவப்பு வரி ஒன்று தோன்றும், ஒலி கிளம்பும். உடனே அந்த இடத்தின் காமிராப் படத்தைத் திறந்து பார்க்கவேண்டும். சந்தேகத்துக்குரிய ஆள் நின்றால் ஒலிபெருக்கி வழியாகப் பேசி எச்சரிக்கவேண்டும். போகாவிட்டால் அபாயச் சங்கை ஊதவிட்டு, அவ்வூர்க் காவல் நிலையத்துக்கும், வங்கி அதிகாரிக்கும், ரோந்து ஆட்களுக்கும் தொலைபேசியில் சொல்லவேண்டும். ஒன்றுமில்லை என்றால் காரணத்தைப் பதிவுசெய்து வரியை முடிக்கவேண்டும். முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும்.

நம் பிள்ளைகளுக்கு இவ்வேலையில் ஒரு தனி மதிப்பு உண்டு. மராத்தியும் இந்தியும் தமிழும் அவர்கள் நாவில் இருப்பதே காரணம். கோவில்பட்டியில் நள்ளிரவில் ஒருவர் தலைக்கவசத்தோடு பணம் எடுக்க நுழைந்தால், "ஐயா, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்" என்று ஐரோலியிலிருந்து இவன் தமிழில் சொல்கிறான். அவர் திடுக்கிட்டுக் கூரையைப் பார்ப்பாராம். "சித்தப்பா, ஊருக்குப் போய் மூன்று வருடமாயிற்று. ஆனால் நம் பக்கத்துக் கடைத்தெரு இரவில் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம்" என்று ஒரு நாள் சொன்னான். கேட்டு நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இந்தத் தொழில் புதிதன்று. மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அபாய மணிக்கு 1853ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை வாங்கி அதை ஒரு வியாபாரமாக வளர்த்தார். வீடுகளிலும் வங்கிகளிலும் இருந்து கம்பிகள் ஒரு மத்திய அறைக்கு வந்து சேரும். அங்கே ஓர் ஆள் விழித்திருப்பான். 1877இல் பாஸ்டன் நகரில் அதே கம்பிகளைப் பகலில் தொலைபேசிக்கும் இரவில் அபாய மணிக்கும் பயன்படுத்தினார்கள். கம்பி மறைந்து இன்று கம்பியில்லா வலை வந்துவிட்டது. அறையில் விழித்திருக்கும் மனிதன் மட்டும் மறையவில்லை.

அந்த மனிதனுக்கு உள்ள பெருந்தொல்லை திருடன் அல்லன்; பொய்ச் சேதி. பல்லி ஊர்ந்தாலும், எலி ஓடினாலும், காற்றில் கதவு ஆடினாலும் சேதி வரும். அமெரிக்க நகரங்களில் காவல்துறைக்குச் செல்லும் திருட்டு அபாய அறிவிப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பொய் என்பது அங்கே பல ஆய்வுகளில் கண்ட உண்மை. 2000ஆம் ஆண்டில் சால்ட் லேக் நகரத்தார், "நேரில் ஒருவர் பார்த்து மெய்யென்று சொன்னாலன்றிக் காவலர் வரமாட்டார்" என்று விதியே செய்துவிட்டார்கள். பொய்ச் சேதிகளின் நடுவே மெய்ச் சேதி ஒன்று எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. புலி வருகிறது என்று கூவிய சிறுவன் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அக்கதையில் ஊரார் தூங்கப் போகலாம். இவ்வேலையில் ஊரார் ஒவ்வொரு கூவலுக்கும் எழுந்து ஓடவேண்டும்.

இனி நிர்வாகத்தின் போக்கைச் சொல்கிறேன். பையன் சொல்லக் கேட்டதையும், அதே வகை அறைகளில் வேலை பார்க்கும் வேறு இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் சொன்னதையும் ஒத்துப்பார்த்தே எழுதுகிறேன்.

இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் காலை எட்டு மணிக்கு எழுகிறான். பன்னிரண்டு மணி நேரம். கடிதத்தில் ஒன்பது மணி என்றுதான் இருக்கிறது; மிச்சம், மாற்று ஆள் வராத குறை. அடுத்த நாற்காலிக்காரன் விடுப்பில் போனால் அவனுடைய இடங்களும் இவன் திரைக்கு வந்துவிடும். சிறுநீர் கழிக்கப் போகவும் பொத்தானை அழுத்தவேண்டும். எத்தனை நிமிடம் என்று கணக்கு ஏறும். சுவரில் ஒரு பெரிய பலகை. யார் எத்தனை விநாடியில் சேதியை முடித்தார்கள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். விரைந்தவன் பச்சையில், தாமதித்தவன் சிவப்பில். மாத முடிவில் பச்சைக்காரனுக்கு ஊக்கத்தொகை.

பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுவார்கள். மேலாளர் வந்து, "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று பேசுவார். காய்ச்சலென்று விடுப்புக் கேட்டுச் சேதி அனுப்பினால் மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் பதில் சொல்வதில்லை.

மேற்பார்வையாளரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கும் வயது இருபத்தாறு. அவருக்கு மேலும் ஒரு பலகை இருக்கிறது. யார் குறைந்த விலை கேட்கிறார்களோ அவருக்கே ஒப்பந்தம் என்பது இத்தொழிலில் சகஜம். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தவறுக்கும் அபராதம் உண்டு. மேலேயிருந்து உருண்டு வரும் அந்த அபராதம் கடைசியில் யார் தலையில் நிற்கும்? கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தலையில்தான்.

"இது என்ன பெரிய உழைப்பு? மணியடிக்காத நேரமெல்லாம் ஓய்வுதானே?" என்று ஒரு மேலாளர் அவனிடம் கேட்டாராம். இக்கேள்விக்கு விடை என்றோ கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து விமானப்படையில், ராடார் திரையைப் பார்த்து எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர்கள் நேரம் ஆக ஆகக் கண்ணெதிரே தோன்றும் புள்ளிகளையே தவறவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். கடிகார முள்போன்ற ஒரு முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டவுடன் சொல்லவேண்டும். அவ்வளவுதான் சோதனை. இரண்டு மணி நேரம் பார்த்தவர்கள் முதல் அரை மணிக்குப் பிறகே குறிப்பிடத்தக்க அளவு தவறவிடத் தொடங்கினார்கள். சோம்பேறிகளல்லர்; தூங்கியவர்களுமல்லர். ஒன்றும் நிகழாத நேரத்தில் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பதே மனத்தை அரிக்கிறது என்பதுதான் உண்மை. அரை மணியில் தளரும் கவனத்தைப் பன்னிரண்டு மணிக்கு நீட்டினால் என்னாகும்?

இதை என் ரயில்வே சட்டம் அறிந்திருக்கிறது. நான் பணியாளர் பிரிவில் ரோஸ்டர்த் தாள்கள் தயாரிப்பவன். ஆகையால் இது எனக்கு நித்திய பாடம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் ஊழியரின் வேலை நேரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வேலையை வகைவகையாகப் பிரித்திருக்கிறார்கள். ரயில் அபூர்வமாக வரும் ஒரு கேட்டில் இருக்கும் காவலரின் வேலையை விட்டுவிட்டு வரும் வேலை என்று வகுக்கலாம். சாதாரண வேலை தொடர் வேலை. இவற்றுக்கு மேலே 'இன்டென்சிவ்' என்று ஒரு வகை. எதை அப்படிச் சொல்வது? கடும் உடலுழைப்பை மட்டுமன்று. இடைவிடாத மனக்குவிப்பு வேண்டி, இளைப்பாற நேரம் அற்றதாகவோ மிக அரிதாகவோ இருக்கும் வேலையையும் சட்டம் அதே வரியில் வைக்கிறது. மூட்டை தூக்கும் தோளும், திரையைப் பார்க்கும் கண்ணும் சட்டத்தின் முன் சமம்! தொடர் வேலைக்கு வாரத்துக்குச் சராசரி 54 மணி உச்சவரம்பு என்றால், இன்டென்சிவ் வேலைக்கு 45 மணிதான். வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது முப்பது மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வும் தரவேண்டும். கண்ட்ரோல் அறையில் வண்டிகளை நடத்தும் செக்‌ஷன் கண்ட்ரோலர் ஆறு மணி நேரத்தில் எழுந்துவிடுவது இந்தக் கணக்கில்தான்.

ரயில்வேயில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையால் ரோஸ்டர் தாளில் ஒன்றும் தண்டவாளத்தில் வேறொன்றுமாக இருப்பதை எஞ்சின் ஓட்டும் நண்பர்கள் அறிவார்கள். ஆயினும் தாளில் ஒரு வரம்பு இருப்பதால், அது மீறப்படும்போது சுட்டிக்காட்ட ஓர் இடமாவது இருக்கிறது. அபாய அறிவிப்பு அறைகளில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் கவனத்துக்கு அப்படி ஓர் அளவுகோலை யாரும் வகுக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். அன்று மாலை பையனை உட்காரவைத்து நடந்ததை முதலிலிருந்து கேட்டேன்.

ஒரு சிற்றூரின் ஏ.டி.எம். கதவு உணரி பத்தொன்பது நாட்களாகப் பழுது. ஓர் இரவில் பத்துப் பதினைந்து பொய்ச் சேதிகள். பழுது பார்க்கும்படி நான்கு முறை பதிவு செய்திருக்கிறான், ஆள் போகவில்லை. சம்பவத்தன்று அடுத்த நாற்காலி காலி; இரண்டு பேர் திரையும் இவனுக்கு. பணியில் அமர்ந்து பதினோராவது மணி நேரம். அதிகாலையில், அந்த இடத்திலிருந்து அன்றைய பன்னிரண்டாவது சேதி வந்தது. படத்தைத் திறந்தான், இருட்டு. விளக்கு எரியாத இரவுகள் முன்பும் உண்டு. திரையில் வேறு ஒன்பது வரிகள் காத்திருந்தன. 'பழுதான உணரி' என்று எழுதி முடித்துவிட்டான். அந்தச் சேதி மெய். இருவர் உள்ளே புகுந்து இயந்திரத்தை உடைத்திருந்தார்கள். பெட்டகம் திறக்கவில்லை, பணம் தப்பியது, இயந்திரம் பாழ்.

"அந்த வரியை எத்தனை விநாடியில் முடித்தாய்?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு விநாடி, சித்தப்பா. அந்த மாதம் பலகையில் நான் பச்சையில் இருந்தேன்" என்றான்.

அன்பர்களே, விரைந்ததற்குப் பரிசு கொடுத்த நிர்வாகமே விரைந்ததற்குத் தண்டனையும் விதிக்க முனைந்தது. இருந்தாலும் பையனிடம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனிடமும் அப்படிச் சொல்லவில்லை. படம் இருட்டாக இருந்தபோது மேற்பார்வையாளரைக் கூப்பிட்டிருக்கவேண்டும். அதை அவனே ஒப்புக்கொண்டான்.

பதில் எழுதுவதில் வீட்டில் மூன்று கட்சி. "காலில் விழுந்தாற்போல் எழுதித் தொலைக்கட்டும், வேலை போனால் தங்கச்சி கல்யாணம் என்னாவது?" என்றார் தாயார். வேலையை உதறிவிட்டு வழக்குத் தொடுக்கலாம் என்றான் நண்பன் ஒருவன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்.

குற்றச்சாட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது குமாஸ்தாவின் கைத்தொழில். அழவும் கூடாது, அலறவும் கூடாது. தேதியும் நேரமும் எண்ணிக்கையும் பேசவேண்டும். பணியில் அமர்ந்த நேரம். கவனித்த திரைகளின் எண்ணிக்கை. அந்த இடத்திலிருந்து வந்த பொய்ச் சேதிகளின் கணக்கு. பழுதுக்காகப் பதிவு செய்த நான்கு தேதிகள். மாற்று ஆள் வராதது. ஐந்து பத்தியில் எழுதினோம். ஆறாவது பத்தியில், மேற்பார்வையாளரை அழைக்காதது தன் பிழை என்பதையும் அவனே எழுதினான். அவன் கைப்பேசியில் தினமும் பணி நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. அது அன்று அவனைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும்.

ஏழாவது பத்தியில் சட்டத்தை மரியாதையாக நினைவூட்டினோம். இஷ்டம்போல் சம்பளத்தைப் பிடித்துவிட முடியாது என்பதற்கு 1936ஆம் ஆண்டிலேயே சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வழி செய்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அபராதம் என்றால் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு மேல் கூடாது. நஷ்டத்துக்காகப் பிடிப்பதென்றால், அது ஊழியரின் அசட்டையால் நேரடியாக நேர்ந்ததாக இருக்கவேண்டும். அவருடைய விளக்கத்தையும் முதலில் கேட்கவேண்டும். வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு வீதத்தில் கூலி தரவேண்டும். பையனுக்குக் கிடைத்த கூடுதல் மணிகளுக்கு ஒற்றை வீதம்கூட முழுமையாக வரவில்லை என்பது கணக்குப் பார்த்தபோதுதான் வீட்டாருக்கே தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. சம்பளப் பிடிப்பு இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவன் கோப்பில் வைக்கப்படும். உணரியை அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்தார். நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் மனம் நிறையவில்லை. பின்னால் வந்த பையன் மெதுவாகக் கேட்டான்:

"சென்சாரை மாற்றிவிட்டார்கள், சித்தப்பா. ஷிப்டை மாற்றவில்லையே?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. ஒருவன் எழுதும் ஒரு கடிதத்தால் அது மாறாது. அந்த அறையில் உள்ள அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்டால்தான் மாறும். அவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர் பெயர் பலகையில் சிவப்பாவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்வரை அது நடவாது. இதை அவனிடம் சொன்னேன். மூன்று பேரிடம் பேசிப்பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

நம் குடும்பத்தார் செய்யக்கூடியவையும் சில உண்டு. பிள்ளை வேலையில் சேரும்போதே நியமனக் கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இப்போதைய சட்டப்படி அது ஒவ்வொரு ஊழியருக்கும் உரிமை. வந்த நேரம், போன நேரம், பார்த்த கூடுதல் வேலை ஆகியவற்றைத் தினமும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எந்தப் பழுதையும் வாயால் சொல்லி விட்டுவிடாமல் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். கடிதம் வந்தால் பயந்து கையெழுத்துப் போடவேண்டாம். ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்தில் நான் இருக்கிறேன், எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, இது தாய்மார்களுக்கு. இரவெல்லாம் விழித்திருந்து வந்தவன் பகலில் தூங்கினால், "நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு என்ன இத்தனை தூக்கம்?" என்று கேட்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவனே. இப்போது எதிர்வீட்டில் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் திரை இழுபட்டால், என் வீட்டு வானொலியின் ஒலியைக் குறைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.